தென்பெண்ணையோடு இறங்கி வருதல்: கிருஷ்ணகிரி, தருமபுரி ஏரிகளையும் கோட்டைகளையும் சைக்கிளில் பார்க்க ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் வழக்கமாக முதலில் செய்வது, கோட்டைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அவற்றை வரைபடத்தில் கோடு போட்டு இணைப்பதுதான். அந்தக் கோடு எப்படிப் போட்டாலும் கடைசியில் பெங்களூரு–சேலம் நான்குவழிச் சாலையில் வந்து சேரும். லாரிகளின் புகையிலும் இரைச்சலிலும் நாள் முழுக்க மிதித்துவிட்டு, இரண்டு மலைகளை அண்ணாந்து பார்த்த நினைவோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும். கோட்டைகளை விட்டுவிட்டுத் தண்ணீரை முன்வைத்து வழியை வகுத்துக்கொண்டால் பயணமே வேறாகிவிடுகிறது. மழை குறைந்த இந்த வட்டாரத்தில் ஊர்கள் ஏரிகளை ஒட்டியே அமைந்தன. ஊர்களையும் அவற்றுக்கு வரும் சாலைகளையும் காக்கவே குன்றுகளின்மேல் கோட்டைகள் எழுந்தன. ஆகவே ஆற்றையும் ஏரிகளையும் தொடர்ந்து போகிறவருக்குக் கோட்டையும் கோயிலும் நடுகல்லும் தாமாகவே எதிர்ப்படும். நிழலும் தேநீர்க் கடையும் பஞ்சர் கடையும்கூட அந்த வழியில்தான் இருக்கின்றன.

இங்கே தொடர வேண்டிய ஆறு தென்பெண்ணை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இந்த ஆறு, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் வந்து கெலவரப்பள்ளி அணையில் முதலில் தேங்குகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை, நெடுங்கல் அணைக்கட்டு, ஈச்சம்பாடி அணைக்கட்டு எனத் தென்கிழக்காக இறங்கிச் சாத்தனூரை நோக்கிச் செல்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், ஆறு போகும் திசையிலேயே நீங்களும் போனால் மொத்தப் பயணத்தில் ஏற்றத்தைவிட இறக்கமே மிகுதியாக இருக்கும். கிருஷ்ணகிரியில் தொடங்கி ஓசூரில் முடிப்பது வீரமாகத் தோன்றலாம். மேலுமலைக் கணவாயில் பாரம் ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எனவே இந்த வழிகாட்டி ஓசூரில் தொடங்கித் தருமபுரியில் முடிகிறது. நல்ல பழக்கம் உள்ளவர் இதை இரண்டு நாளில் முடித்துவிட முடியும் என்றாலும், நான்கு நாள் ஒதுக்கிக்கொள்வதே சரி. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட்டால், ஏரிக்கரையில் உட்காரவோ கோட்டையில் ஏறவோ நேரம் மிஞ்சாது.

எப்போது புறப்படுவது

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலமே மிக ஏற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகளில் தண்ணீர் நிற்கும்; வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும்; களத்துமேடுகளில் கேழ்வரகு அடிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும். ஓசூர், தளிப் பகுதிகளில் அப்போது விடியற்காலைப் பனிமூட்டம் அடர்த்தியாக இறங்குவதால், பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல் ஏழு மணிக்கு முன் சாலையில் இறங்கக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று பலமாக வீசும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வருபவரின் முதுகை அந்தக் காற்று தள்ளிவிடும், எதிர்த்திசையில் போகிறவரையோ சமதரையிலும் திணறடிக்கும். மாம்பழம் வேண்டும் என்பவர்கள் அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம்; ஏரிகளில் தண்ணீர் குறைந்திருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு வர வேண்டும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை பாறைகள் கொதிக்கும் காலம், அப்போது வேண்டாம்.

அக்டோபர், நவம்பர் மாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பசுமையைப் பார்த்து மயங்கி அந்த மாதங்களில் வருபவர்கள், இங்குள்ள ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் கோக்கப்பட்டவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது உபரிநீர் வழிந்து ஓடினால், அந்தத் தண்ணீர் முழுவதும் கீழ் ஏரிக்கு வரும்; இடையிலுள்ள தரைப்பாலங்கள் சில மணி நேரத்தில் மூழ்கிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளையே இழுத்துக்கொண்டு போனது. பெருமழைக்கு மறுநாள் வானம் தெளிந்திருந்தாலும், தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினால் சைக்கிளைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

சைக்கிளும் சுமையும்

பந்தயத்துக்கான மெல்லிய டயர் இந்தச் சாலைகளுக்கு ஒத்துவராது. 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயரும் கியரும் உள்ள ஹைப்ரிட் வகைச் சைக்கிள் எல்லாப் பகுதிக்கும் போதுமானது. கேரியர் வைத்த சாதாரணச் சைக்கிளே கையில் இருக்கிறது என்றால், கிருஷ்ணகிரியிலிருந்து பாரூர் வரையிலான பகுதியை அதிலேயே நிம்மதியாகச் சுற்றலாம். அந்த ஊர் மக்கள் அதில்தான் சுற்றுகிறார்கள். சீட்டின் உயரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம்: பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுவதும் நீண்டிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முதல் நாளில் ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள் மாலையில் முழங்கால் சொல்லிவிடும்.

இந்த வட்டாரத்தில் சைக்கிளுக்கு முதல் எதிரி முள். சாலையோரத்துச் சீமைக்கருவேல முள்ளும் ஏரிக்கரையின் நெருஞ்சி முள்ளும் எந்த டயரையும் துளைக்கும். எனவே இரண்டு மாற்று டியூப், ஒட்டுப் பொருள்கள், டயர் கழற்றும் நெம்புகோல், கையடக்கப் பம்பு ஆகியவை இல்லாமல் புறப்படக் கூடாது. உங்கள் டியூபின் வால்வு எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பஞ்சர் கடைகளில் இருக்கும் காற்றுக்குழாய், மோட்டார் சைக்கிளின் தடித்த வால்வுக்குப் பொருந்தும்; விலையுயர்ந்த சைக்கிள்களில் வரும் மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது. அதற்கான சிறிய பித்தளை இணைப்பான் நகரத்துச் சைக்கிள் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்துவிடலாம். பஞ்சர் ஒட்டியபின் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து முள் முனையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் புது டியூபும் அடுத்த ஊருக்குள் காற்றை இழக்கும். ரிம் கோட்டம் எடுப்பது, அறுந்த ஃபோக்ஸ் கம்பியை மாற்றுவது போன்ற வேலைகளைக் கிருஷ்ணகிரியிலும் காவேரிப்பட்டினத்திலும் உள்ள பழைய சைக்கிள் கடைக்காரர்கள் செய்து தருவார்கள். கியர் மாற்றும் பாகம் வளைந்துவிட்டால் ஓசூருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

சுமையை முதுகில் மாட்டாதீர்கள். வியர்வையால் முதுகு ஊறிப்போவதோடு, உடலின் எடை மேலே ஏறி இறக்கத்தில் சைக்கிள் தள்ளாடும். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் கனமானவற்றை அடியிலும் உடைகளை மேலுமாக வைக்க வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், தொப்பி, மெல்லிய முழுக்கைச் சட்டை, கோட்டை ஏறுவதற்கு நல்ல பிடிப்புள்ள காலணி, நல்ல பூட்டு, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம் ஆகியவை போதும். மற்ற எல்லாவற்றையும் வழியில் வாங்கலாம்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி

ஓசூரில் ஒரு பிற்பகலை ஒதுக்கினால், சந்திரசூடேசுவரர் மலையில் ஏறி ஊரின் அமைப்பைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள தொரப்பள்ளிக்கும் போய் வரலாம். 1878இல் இராஜாஜி பிறந்த வீடு அங்கே நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தைக் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆற்றின் மேற்பகுதியில் கலக்கும் கழிவுகளால் அந்த அணையிலிருந்து வெளியேறும் நீரில் பல சமயம் வெள்ளை நுரை மலைபோல் பொங்கி நிற்கும், அதில் முகம் கழுவுவதுகூட நல்லதல்ல.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. உத்தனப்பள்ளி வழியாகச் செல்வது அகலப்படுத்தப்பட்ட தேசிய நெடுஞ்சாலை. வேகமாகப் போகலாம், பார்க்க ஒன்றும் இருக்காது. மத்திகிரி, கெலமங்கலம் வழியாகச் செல்லும் சாலையையே நான் பரிந்துரைக்கிறேன். மத்திகிரியில் 1824இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடைப் பண்ணையை ஒட்டிச் செல்லும்போது பெரிய மரங்களின் நிழல் கிடைக்கும். கெலமங்கலம் தாண்டியதும் ரோஜாத் தோட்டங்களும் தக்காளி, முட்டைக்கோஸ் வயல்களும் மாறி மாறி வரும். சேலம்–பெங்களூரு ரயில் பாதையும் கூடவே இறங்கி வரும்.

இந்த இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை உண்டு. குளிர்காலத்தில், கேழ்வரகு முற்றும் பருவத்தில், பன்னார்கட்டாக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக உத்தேதுர்க்கம், சானமாவுக் காடுகள் வரை வந்து தங்கும். பகலில் காட்டுக்குள் நிற்கும் அவை, மாலை மங்கியதும் வயல்களுக்கு இறங்கி விடியுமுன் திரும்பும். அப்போதுதான் சாலையைக் கடக்கும். எனவே கெலமங்கலம்–ராயக்கோட்டைப் பகுதியைக் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் சைக்கிளில் கடக்கக் கூடாது. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது என்பதே இங்கே ஆபத்து. யானைக்கும் உங்களைத் தெரியாது, உங்களுக்கும் யானையைத் தெரியாது. தேநீர்க் கடையில் நிறுத்தி, "இந்தப் பக்கம் ஆனை நிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்வதுதான் உள்ளூர்க்காரர்கள் செய்வது. வனத்துறையினர் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். அஞ்செட்டி, தளிச் சாலைகளின் அழகைப் பற்றிப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவை காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டியவை என்பதால், தனியாகச் சைக்கிளில் வருபவருக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன்.

ராயக்கோட்டையில் ஊருக்கு மேலே நிற்கும் பாறைக் குன்றே கோட்டை. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து பாராமகால் (இந்த வட்டாரத்தின் பழைய பெயர்) சமவெளிக்கு இறங்கும் வழியை இது காத்து நின்றது என்பதை, சைக்கிளில் இறங்கி வந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, கால்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791இல் ஆங்கிலேயப் படை இதைக் கைப்பற்றியது. அடிவாரத்தில் யாராவது கடைக்காரரிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளைப் பூட்டி, பைகளை அவரிடமே ஒப்படைத்துவிட்டு ஏறுங்கள். ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கேட்டால் மறுப்பவர் அரிது. பாறை இடுக்குகளில் மலைத்தேன் கூடுகள் தொங்கும் குன்றுகள் இவை என்பதால், உச்சியில் நெருப்பு மூட்டுவது, புகைப்பது, கூச்சலிடுவது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். மழை பெய்து ஈரமாக இருக்கும் நாளில் ஏறவே வேண்டாம், இறங்குவதுதான் கடினம்.

ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மாந்தோப்புகளுக்கு நடுவே இறங்கும் இந்தச் சாலையில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வராமல், விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து பிடித்தால் கட்டையும் ரிம்மும் சூடேறிப் பிடிப்புக் குறையும். ஓசூரிலிருந்து கணக்கிட்டால் இதுவே ஒரு நாளுக்குச் சரியான தொலைவு.

கிருஷ்ணகிரிக் கோட்டையை மறுநாள் விடியலில் பாருங்கள். பழைய பேட்டைக்கு மேலே நிற்கும் இந்தக் குன்றை ஊரார் சையத் பாஷா மலை என்பார்கள். உச்சியில் தர்கா இருக்கிறது. விஜயநகரக் காலத்தில் எழுந்து, ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் வலுப்பெற்ற கோட்டை இது. 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை பேட்டையைப் பிடித்தும் மலைக்கோட்டையை ஏறிப் பிடிக்க முடியாமல் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால்தான் பாராமகால் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. படிகளில் பாதி ஏறித் திரும்பிப் பார்த்தாலே அந்தத் தோல்விக்குக் காரணம் விளங்கிவிடும். காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினால் எட்டரைக்குள் இறங்கிவிடலாம். அதன்பிறகு பாறை சூடேறி, செருப்பைத் தாண்டிக் காலைச் சுடும். இறங்கியதும் காந்தி சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பார்த்துவிடுங்கள். அடுத்த நாள் ஏரிக்கரைகளில் பார்க்கப்போகும் கற்களைப் புரிந்துகொள்ள அது உதவும்.

அணையிலிருந்து பாரூர் ஏரி வரை

இந்தப் பயணத்தின் நடுப்பகுதி இது. நேரமும் கவனமும் இங்கேதான் செலவாக வேண்டும். மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி அணை நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1950களின் பிற்பகுதியில் கட்டி முடிக்கப்பட்டது. அணை நிரம்பும்போது நீர்மட்டம் 52 அடி. காலையில் பூங்கா திறக்குமுன்பே மீன் வறுக்கும் கடைகளில் அடுப்புப் பற்றவைத்துவிடுவார்கள் என்றாலும், வறுத்த மீனை மதியத்துக்கு வைத்துக்கொண்டு இப்போது இட்லியோடு நிறுத்திக்கொள்வது பயணத்துக்கு நல்லது. அணையின் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்கள் இரண்டும் சேர்ந்து பெரியமுத்தூர், திம்மாபுரம், காவேரிப்பட்டினம், பையூர், பெண்ணேஸ்வரமடம் முதலிய ஊர்களில் ஏறத்தாழ 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. உங்கள் வழியும் இந்த ஊர்களின் ஊடாகவே போக வேண்டும். நான்குவழிச் சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. அதில் ஏறிவிடத் தோன்றும், ஏறாதீர்கள். சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும், மேம்பாலத்தின் இறக்கத்தில் வேகத்தோடு இடப்புறம் ஒதுங்கும் லாரிகளும் சைக்கிள்காரரைக் கணக்கில் எடுப்பதில்லை. ஊர்ச் சாலையில் சுற்றிப்போனால் சிறிது தொலைவு கூடும். நெல் வயலும் தென்னந்தோப்பும் வாய்க்கால் மதகுகளும் கூடவே வரும்.

கால்வாய்க் கரைகளில் சைக்கிள் ஓட்டுவதற்குச் சில நடைமுறைகள் உண்டு. கரை ஒற்றையடிப் பாதையாகக் குறுகினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எதிரே மாட்டு வண்டியோ டிராக்டரோ வந்தால், தண்ணீர்ப் பக்கம் ஒதுங்காமல் வயல் பக்கம் ஒதுங்க வேண்டும். மதகுத் திருகைகளைத் தொடக் கூடாது; தண்ணீர் முறை வைத்துப் பங்கிடும் ஊர்களில் அது விளையாட்டல்ல. அணையில் தண்ணீர் திறந்துவிடும் அறிவிப்பு வந்திருந்தால் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. 2017 நவம்பரில் இந்த அணையின் மதகுகளில் ஒன்று உடைந்து, கீழுள்ள கரையோரங்களுக்கெல்லாம் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

காவேரிப்பட்டினம் 1767இல் முதல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயரும் ஹைதர் அலியும் மாறி மாறிப் பிடித்த கோட்டை இருந்த ஊர். இன்று அதைத் தேடுவதைவிடக் கடைவீதியில் நிப்பட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது பயனுள்ள வேலை. உப்பும் எண்ணெயும் சேர்ந்த அந்தத் தின்பண்டம் வியர்த்த உடம்புக்குப் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. அங்கிருந்து ஆற்றங்கரைக்குத் திரும்பினால் பெண்ணேஸ்வரமடம். தென்பெண்ணையின் கரையில் நிற்கும் இங்குள்ள சிவன் கோயிலின் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நண்பகலில் சுவரில் நேராக வெயில் விழும்போது எழுத்துகள் தெரியா. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் நின்றால், தமிழ் எழுத்துகளில் சிலவற்றை நீங்களே கூட்டிப் படித்துவிடலாம்.

இந்தப் பகுதியில் நடுகற்கள் ஏராளம். ஆநிரை கவர்ந்தவர்களோடு போரிட்டும் ஊரைக் காத்தும் இறந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் இவை. வில்லும் வாளும் ஏந்திய உருவம், காலடியில் மாடு, சில கற்களில் மேலே எழுத்து என்று செதுக்கப்பட்டு, ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வயல் வரப்பிலும் நிற்கும். பலவற்றுக்கு மக்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கலிட்டுக் கும்பிடுகிறார்கள். ஆகையால் எந்தக் கல்லையும் கேட்பாரற்றது என்று நினைத்துவிடக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் போங்கள். எழுத்தைத் தெளிவாகப் பார்ப்பதற்காக மாவோ சுண்ணாம்போ பூசாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டாதீர்கள். பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும், அது போதும். குன்றுகளில் உள்ள வெண்ணிறப் பாறை ஓவியங்களுக்கும் இதே நடைமுறைதான். நிறம் எடுப்பாகத் தெரியும் என்று தண்ணீர் தெளிப்பவர்கள் அடுத்த தலைமுறைக்கு ஓவியத்தை இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தென்பெண்ணையின் நீரை நெடுங்கல் அணைக்கட்டில் மறித்து வாய்க்கால் வழியாகக் கொண்டுபோய் நிரப்புவதுதான் பாரூர்ப் பெரிய ஏரி. அணைக்கட்டிலிருந்து ஏரி வரை அந்த வாய்க்காலை விட்டு அதிகம் விலகாமல் போகும் ஊர்ச் சாலைகளைக் கேட்டுக் கேட்டுத் தொடர்வது, என் கணிப்பில், இரண்டு மாவட்டங்களிலும் சைக்கிளுக்கு வாய்த்த மிக நல்ல வழி. ஏற்றம் இல்லை, கனரக வண்டிகள் இல்லை, நிழல் உண்டு. தண்ணீர் நிறைந்த தை மாதத்தில் ஏரிக்கரையின்மேல் நின்றால், ஒருபுறம் நீர்ப்பரப்பும் மறுபுறம் ஆயக்கட்டு நெல்வயல்களும் தெரியும். நாரைகளையும் நீர்க்காகங்களையும் பார்க்க வேண்டுமானால் மாலை நான்கரைக்குப் பின் வாருங்கள். ஏரிக்கருகில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வளர்ப்பு மையமும் இருக்கிறது. கரையில் தங்குவதற்கு வசதி எதிர்பார்க்க முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே காவேரிப்பட்டினத்துக்கோ போச்சம்பள்ளிக்கோ போய் அறை பார்த்துக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்தபின் ஊர் நாய்கள் சைக்கிளைத் துரத்தும். வேகம் கூட்டித் தப்பிக்க முயலாமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அது குரைத்துவிட்டு நின்றுவிடும்.

ஒரு நாள் கூடுதலாக இருப்பவர்கள் போச்சம்பள்ளியிலிருந்து மாங்கன்று நாற்றுப்பண்ணைகள் நிறைந்த சந்தூர் வழியாகப் பர்கூர்ப் பக்கம் திரும்பித் தொகரப்பள்ளியை ஒட்டிய மயிலாடும்பாறைக்குப் போகலாம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அங்கே நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக் கணிப்பு கி.மு. 2172 வரை போனது. தமிழகத்தில் இரும்பின் பழமை 4,200 ஆண்டுகள் என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது அதை வைத்துத்தான். குழிகள் மூடப்பட்டுவிட்டதால் பார்வைக்குப் பாறையும் புதரும்தான் இருக்கும். அதற்குத் தயாராக இருப்பவர் மட்டும் போகட்டும்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. சாலையோர மெஸ்களில் மதியம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் சைக்கிள் பக்கமே போகாதீர்கள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பத்தரைக்கு நிறுத்தி, வெயில் தாழ்ந்து மூன்றரைக்கு மீண்டும் மிதிப்பது என்று நாளை வகுத்துக்கொண்டால், களிக்கும் தூக்கத்துக்கும் இடம் இருக்கும். தாகம் எடுக்குமுன்பே மணிக்கு அரை லிட்டர் வீதம் தண்ணீர் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் மாலையில் ஆடுசதை பிடித்துக்கொள்ளும், இடையிடையே மோரோ உப்புக் கரைசலோ சேர வேண்டும்.

தருமபுரியில் முடித்தல்

பாரூரிலிருந்து தென்மேற்காகத் தருமபுரிக்கு வருவது அரைநாள் பயணம். ஆற்றை விட்டு விலகுவதால் சிறு ஏற்ற இறக்கங்கள் வரும். சங்க காலத்து அதியமானின் தகடூர் இதுதான். கோட்டைக் கோயில் எனப்படும் காமாட்சியம்மன், மல்லிகார்ச்சுனர் கோயிலில் நுளம்பர் என்ற பழைய அரச மரபினரின் பாணித் தூண்களையும், அம்மன் கருவறையின் அடித்தளத்தைச் சுற்றிச் சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கிய இராமாயணக் காட்சிகளையும் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். காட்சிகள் முழங்கால் உயரத்தில் இருப்பதால் குனிந்தும் உட்கார்ந்தும்தான் பார்க்க முடியும். 1792 முதல் 1799 வரை பாராமகாலின் நிலங்களை அளந்து தீர்வை விதித்த அலெக்சாண்டர் ரீடின் கீழ் இளம் அதிகாரியாக இருந்த தாமஸ் மன்றோ தங்கியிருந்ததும் இந்த ஊரில்தான். உழவரிடமிருந்தே அரசு நேரடியாக நிலவரி வாங்கும், பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கம் அந்த அளவைகளில் இருக்கிறது.

நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் அதியமான்கோட்டை. சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் உள்ள பழைய ஓவியங்களைப் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். அங்கிருந்து தெற்கே தொடர்ந்தால் தொப்பூர்க் கணவாய் வரும். பாரம் ஏற்றிய லாரிகள் கட்டுப்பாடு இழந்து விபத்துக்குள்ளாவது அங்கே வழக்கமாகிவிட்டது, சைக்கிளில் அந்தப் பக்கம் இறங்கவே கூடாது. நேரம் இருந்தால் வடமேற்கே பாப்பாரப்பட்டிக்குப் போய், 1925இல் அங்கே மறைந்த சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சாலை அமைதியானது.

ஒகேனக்கல்லையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பென்னாகரம் வரை நல்ல சாலைதான். அதற்கப்பால் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் சுற்றுலா வேன்களும் யானைகளும் உண்டு, திரும்பி ஏறுவதும் கடினம். சைக்கிளைத் தருமபுரி விடுதியில் விட்டுவிட்டுப் பேருந்தில் போய் வருவதே உசிதம்.

ஊர் திரும்ப, தருமபுரி ரயில் நிலையத்தில் சைக்கிளைப் பார்சலாகப் பதிவு செய்து அனுப்ப முடியும். எந்த வண்டியில் சரக்குப் பெட்டி இருக்கிறது, அந்த நிலையத்தில் ஏற்றும் அளவுக்கு வண்டி நிற்குமா என்பதை முதல் நாளே பார்சல் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, ஃபிரேமில் பழைய சாக்கைச் சுற்றி, பெயரும் சேரும் நிலையமும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். விளக்கையும் தண்ணீர்ப் புட்டியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சைக்கிளோடு விட்டால் அவை வந்து சேராது. பேருந்தில் கொண்டுபோவது நடத்துநரின் மனத்தைப் பொறுத்தது. முன்சக்கரத்தைக் கழற்றி உறையில் போட்டிருந்தால், கூட்டமில்லாத பிற்பகல் வண்டியில் சுமைக்கட்டணம் வாங்கிக்கொண்டு பெரும்பாலும் ஏற்றிக்கொள்வார்கள்.